நடுச்சுவரும் நம் போதனையும்: வட அயர்லாந்தைக் குறித்த ஒரு நூலின் மதிப்பீடு

தோனாவூரில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்குத் தாயாக நின்ற ஏமி கார்மைக்கேல் அம்மையாரை அறியாத தமிழ்க் கிறிஸ்தவர் மிகச் சிலரே. அவர் 1867ஆம் ஆண்டில், இன்று வட அயர்லாந்து என வழங்கும் பகுதியிலுள்ள மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில், பிரெஸ்பிட்டேரியன் குடும்பமொன்றில் பிறந்தார். இந்தியாவிற்கு வருமுன், பெல்ஃபாஸ்ட் நகரின் ஷாங்கில் வட்டாரத்தில் ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்களுக்கென 1889இல் ஒரு மண்டபம் எழக் காரணமாயிருந்தார். 'நல்வரவு' என்பதே அம்மண்டபத்தின் பெயர். அந்த ஷாங்கில் வட்டாரத்திற்கும், அதனை அடுத்துக் கத்தோலிக்கர் வாழும் ஃபால்ஸ் வட்டாரத்திற்கும் இடையே இன்று உயர்ந்ததொரு சுவர் நிற்கிறது. 1969 தொடங்கி எழுந்த அச்சுவரின் வாயில்கள் சில, இரவில் இன்றும் அடைக்கப்படுகின்றன. சுவரின் இருபுறத்தும் வாழ்வோர் ஒரே கர்த்தரின் நாமத்தினால் ஞானஸ்நானம் பெற்றவர்கள். நமக்கு நற்செய்தி அனுப்பிய ஒரு நாட்டில் இச்சுவர் எவ்வாறு எழுந்தது என்னும் வினா, நமக்கு அயலான வினா அன்று.

இவ்வினாவிற்கு இறையியல் நோக்கில் விடைகாண முயன்ற நூல்களுள் தலைசிறந்தது, ஜோசப் லீக்ட்டி, சிசிலியா கிளெக் ஆகிய இருவரும் இணைந்து எழுதி 2001இல் டப்ளினில் வெளிவந்த 'வகுப்புவாதத்திற்கு அப்பால் செல்லுதல்' என்னும் பொருளுடைய ஆங்கில நூலாகும். லீக்ட்டி அமெரிக்க மெனோனைட் சபையைச் சார்ந்த வரலாற்றறிஞர். கிளெக் கத்தோலிக்கத் துறவறச் சகோதரி. மைக்கேல் ஹர்லி என்னும் இயேசு சபைக் குரு 1970இல் நிறுவிய அயர்லாந்து ஒன்றிப்பியல் கல்லூரி, 1995 முதல் நடத்திய ஆய்வுத் திட்டமொன்றின் கனியாக இந்நூல் உருவாயிற்று. நூல் வெளிவந்து கால் நூற்றாண்டு ஆகிறது. அதனால் இதன் கருத்துகளைக் கூறுவதோடு நில்லாமல், காலத்தின் முன்னிலையில் அவற்றைச் சோதித்துப் பார்க்கவும் இயலும். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

நூலின் சொற்பொருள் பற்றி ஒரு குறிப்பு. ஆசிரியர்கள் ஆய்வுக்கெடுக்கும் 'செக்டேரியனிசம்' என்பதனைத் தமிழில் 'பிரிவினைவாதம்' என்றால் நாட்டுப் பிரிவினை என்னும் பொருளே முந்தும். நம் நாட்டு அனுபவத்தில் அதற்கு மிக நெருங்கி வருவது 'வகுப்புவாதம்' என்னும் சொல்லே. ஆகவே அச்சொல்லையே இங்கு ஆளுகிறேன்.

1. பின்னணி

1921இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது, வடகிழக்கின் ஆறு மாவட்டங்கள் பிரித்தானிய ஆட்சியின்கீழ் தனி அமைப்பாயின. அங்கே புரொட்டஸ்டண்டுகள் பெரும்பான்மையினர், கத்தோலிக்கர் சிறுபான்மையினர். உள்ளாட்சித் தேர்தலில் வாக்குரிமை வீட்டுடைமையோடும் வரியோடும் பிணைக்கப்பட்டிருந்தது. கத்தோலிக்கர் மிகுந்திருந்த டெரி நகரில், தொகுதி எல்லைகள் வரையப்பட்ட முறையால் நகராட்சி மற்றவர் கையிலேயே இருந்தது. 1968 ஜூனில் காலிடன் என்னும் சிற்றூரில், வீடின்றித் தவித்த கத்தோலிக்கக் குடும்பங்கள் காத்திருக்க, மணமாகாத ஓர் இளம் புரொட்டஸ்டண்டுப் பெண்ணுக்கு வீடு ஒதுக்கப்பட்டது. உரிமை இயக்கத்தைத் தூண்டிய நிகழ்ச்சிகளுள் அதுவும் ஒன்று.

அதே ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் டெரியில் நடந்த ஊர்வலத்தைக் காவல்துறை தடியால் அடித்துக் கலைத்தது. 1969 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்டில் கத்தோலிக்கர் வாழ்ந்த வீடுகள் எரிந்தன. அவற்றுள் ஒரு தெருவின் பெயர் பம்பாய்த் தெரு என்பது நம்மை ஒரு கணம் நிறுத்தக்கூடியது. 1972 ஜனவரி 30இல் டெரியில் ஆயுதமற்ற ஊர்வலத்தினர்மீது இராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே மாண்டனர். அச்செயல் நியாயமற்றது என்று பிரித்தானியப் பிரதமர் மன்னிப்புக் கோர 2010 வரை ஆயிற்று. மறுபுறம், ஐரிஷ் குடியரசுப் படையும் ஏனைய ஆயுதக் குழுக்களும் வைத்த குண்டுகள் சந்தைகளிலும் விடுதிகளிலும் வெடித்தன. 1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளியன்று உடன்படிக்கை எட்டப்படும் வரை மாண்டவர் 3,500க்கும் மேற்பட்டோர். அளவிற் சிறிய அந்நிலப்பகுதிக்கு இது பேரிழப்பு.

2. நூலின் முதற் பங்களிப்பு

இந்நூலை வகுப்பில் எடுத்துக்கொண்டபோது மாணவர் ஒருவர் எழுப்பிய மறுப்பு இது: 'ஐயா, இது நிலத்திற்கும் ஆட்சிக்கும் நடந்த போராட்டம். சமயம் இங்கே வெறும் பெயர்ப்பலகை. அதனை இறையியல் பாடமாக்குவது ஏன்?' இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. யாரும் திருவிருந்தின் பொருள்பற்றி வாதிட்டுச் சுட்டுக்கொள்ளவில்லை. ஆனால், நம் ஆசிரியர்கள் இந்த எளிய விடையை ஏற்க மறுக்கின்றனர். சமயமும் அரசியலும் கேடு விளையும் வகையில் கலப்பதே வகுப்புவாதம் என்பது அவர்களது துணிபு. சமயத்தைக் கழித்துவிட்டால் எஞ்சுவது வேறொரு பிணக்கு. அந்நாட்டுப் பிணக்கு அன்று. திருச்சபை தன் கைகளைக் கழுவிக்கொள்வதற்கு 'இது அரசியல்' என்னும் சொல் எத்துணை வசதியான தண்ணீர் என்பதை அவர்கள் தெளிவாக உணர்த்துகிறார்கள்.

அடுத்து, வகுப்புவாதம் தீயவர் சிலரின் உள்ளத்தில் மட்டும் வாழும் வெறி அன்று, அஃது ஓர் அமைப்பு என்கிறார்கள். சேர்ந்து வாழவும், தனக்கென ஓர் அடையாளம் பெறவும் மனிதன் கொள்ளும் நல்ல நாட்டங்களே திரிபடைந்து அவ்வமைப்பாகின்றன. அது தனியாளிடத்தும், சமுதாயத்திடத்தும், நிறுவனங்களிடத்தும் இயங்குகிறது. துப்பாக்கி ஏந்தியவன் மட்டுமன்று, மற்றவரைக் காணாததுபோல் கடந்து செல்லும் நல்லவனும் அதற்கு இரையூட்டுகிறான். 'நான் அவர்களைப் போன்றவன் அல்லன்' என்று தன்னிலும் தீயவனைச் சுட்டிக்காட்டி ஒவ்வொருவனும் தன்னை நீதிமானாக்கிக்கொள்கிறான். லூக்கா 18இல் தேவாலயத்தில் ஜெபித்த பரிசேயன் நம் நினைவிற்கு வருகிறான்.

3. போதனையே முட்டுக்கட்டையானால்

நூலின் மிக ஆழ்ந்த பகுதி, கோட்பாடுகளைப் பற்றியது. மூன்று கோட்பாடுகள் ஒன்றுசேர்ந்தபோது அயர்லாந்தில் பகைமைக்கு உரமாயின என்பர் ஆசிரியர்கள். கடவுளின் பராமரிப்பு வரலாற்றில் செயற்படுகிறது என்பது ஒன்று. மெய்யான திருச்சபை ஒன்றே, அதற்குப் புறம்பே மீட்பில்லை என்பது இரண்டாவது. பொய்ப் போதனைக்கு வாழ உரிமையில்லை என்பது மூன்றாவது. 'எங்கள் வெற்றி கடவுளின் தீர்ப்பு, எங்கள் சபையே மெய்ச்சபை, உங்கள் போதனையை ஒடுக்குதல் எங்கள் கடமை' என்று மூன்றும் ஒரே வாயில் இணையும்போது, அண்டை வீட்டான் கடவுளின் பகைவனாகிவிடுகிறான். இது கத்தோலிக்கர், புரொட்டஸ்டண்டுகள் ஆகிய இருசாராருக்கும் பொதுவான குற்றம்.

இதற்கு மருந்தாக ஆசிரியர்கள் கோட்பாடுகளைக் கைவிடச் சொல்லவில்லை. தாராளக் கொள்கையினர் பலர் கூறும் வழி அது. ஆனால், எவரைத் திருத்த வேண்டுமோ அவர் அவ்வழியில் வரமாட்டார். ஆகவே இவர்கள் 'தணித்தல்' என்றொரு வழியைக் காட்டுகிறார்கள். ஒரு போதனை மெய்யாயிருக்கலாம். மெய்யாயிருந்துகொண்டே கேடும் விளைவிக்கலாம். போதனையைக் காத்துக்கொண்டு, அது விளைவிக்கக்கூடிய கேட்டினைத் தணிக்கும் வேறு போதனைகளையும் நடைமுறைகளையும் அதனோடு இணைப்பது போதகனின் கடமை. தெரிந்தெடுப்பைப் போதிப்பவன் அயலானை நேசிப்பதையும் அதே மூச்சில் போதிக்க வேண்டும்.

இது வெறுங்கனவன்று என்பதற்கு வரலாற்றிலிருந்து இரு சான்றுகள் தரலாம். ரோமைப் பாப்பரசரை அந்திக்கிறிஸ்துவாகக் காணும் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கைப் பகுதியைக் குறித்து, அவ்விளக்கம் திருமறையிலிருந்து தெளிவாகப் புலப்படுவதன்று என அயர்லாந்துப் பிரெஸ்பிட்டேரியன் பொதுப்பேரவை 1988இல் அறிவித்தது. அறிக்கை கிழிக்கப்படவில்லை, அதன் நஞ்சு எடுக்கப்பட்டது. அவ்வாறே கலப்புத் திருமணங்களைப் பற்றிய 1907ஆம் ஆண்டு ரோமை ஆணை அயர்லாந்தில் பெருங்கசப்பை விளைத்தது. 1970இல் அவ்விதிகள் தளர்த்தப்பட்டன. இவ்விரு மாற்றங்களும் இன்னும் அரை நூற்றாண்டு முன்னரே வந்திருந்தால் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

4. ஒரு குறை

இத்துணைச் சிறப்புடைய நூலில் நான் காணும் குறை ஒன்று உண்டு. அது சிறியதன்று.

வகுப்புவாதம் ஓர் அமைப்பு, அதில் அனைவருக்கும் பங்குண்டு என்பது நூலின் அடித்தளம். அனைவரது பங்கும் ஒரே அளவினது என ஆசிரியர்கள் கூறவில்லை. அத்தகைய எளிமைக்கு அவர்கள் ஆளாகுபவர் அல்லர். எனினும் நூலின் போக்கு, பங்கினை அளப்பதைவிடப் பகிர்வதிலேயே நிற்கிறது. தொகுதி எல்லையை வரைந்தவனும் அதனால் வாக்கிழந்தவனும், வீட்டை ஒதுக்கியவனும் வீடின்றி நின்றவளும், ஒரே அமைப்பின் உறுப்பினராக வாசகன்முன் நிறுத்தப்படுகிறார்கள். மனப்பான்மைகளும் உறவுமுறைகளும் நுணுக்கமாக ஆராயப்படுகின்றன. வாக்கு, வீடு, வேலை, காவல் ஆகியவை அவ்வளவு நெருக்கமாக ஆராயப்படவில்லை.

இக்குறையை நான் நூலிலிருந்து மட்டும் அறியவில்லை. என் இளமைக்கால ஆயர் பணியில், ஒரு கிராமச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடுப்பளவு உயரமுள்ள ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு அப்புறம் யாரைப் புதைப்பது என்பதை எந்தச் சபைத் தீர்மானமும் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பல்லாண்டுகள் ஆலய மணி அடித்த ஒரு முதியவர் இறந்தபோது, அவரது பெட்டி சுவரைச் சுற்றி அப்புறம் கொண்டுசெல்லப்பட்டது. நான் முன்னே நடந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு எபேசியர் 2ஆம் அதிகாரத்தை எடுத்து, நடுச்சுவரைப் பற்றிப் பிரசங்கித்தேன். 'நாம் எல்லோரும் நம் உள்ளங்களில் சுவர் எழுப்பியிருக்கிறோம்' என்றேன். மூப்பர்கள் என் கையைப் பற்றிப் பாராட்டினார்கள். முதியவரின் மகன் மட்டும் வாசலில் நின்று, 'ஐயர்வாள், என் உள்ளத்தில் சுவர் இல்லை. சுவர் தோட்டத்தில் இருக்கிறது' என்றார்.

அந்நாளில் எனக்கு விடை தெரியவில்லை. இந்நூலை வாசித்தபோது என் பிழையில் ஒரு பாதி விளங்கிற்று: நல்லவனின் மௌனத்தாலும் சுவர் நிற்கிறது. மறுபாதியை இந்நூல் கூறவில்லை. 'நாம் எல்லோரும்' என்னும் சொல், உண்மையாயிருந்துகொண்டே கேடு செய்யக்கூடிய சொல். மூப்பர்கள் அதை அறிக்கையாகக் கேட்கவில்லை, அடைக்கலமாகக் கேட்டார்கள். அனைவரும் பாவிகள் என்னும் போதனை திருமறையின் போதனை. அதை மறுக்க நான் துணியேன். ஆனால் ஆசிரியர்கள் ஏனைய போதனைகளுக்குக் கூறிய தணித்தல் இப்போதனைக்கும் வேண்டும் என்பதே என் மதிப்பீடு. தாம் வடித்த அளவுகோலைத் தம் அடிப்படைக் கருத்தின்மீதே அவர்கள் வைத்துப் பார்க்கவில்லை.

திருமறை இவ்விடத்தில் நுண்மையாகப் பேசுகிறது. நாத்தான் தாவீதின்முன் நின்றபோது மனுக்குலத்தின் பாவத்தைப் பற்றிப் பேசவில்லை. குற்றவாளி எவன் என்பதை விரல்நீட்டிக் காட்டினான். சகேயு பொதுப் பாவ அறிக்கையோடு நில்லாமல், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித்தர முன்வந்தான். மறுபுறம் தானியேல் 9ஆம் அதிகாரத்தில், சிறைப்பட்டுத் துன்புற்ற ஒருவனே தன் முன்னோரின் பாவத்தைத் தன் பாவமாக அறிக்கையிடுகிறான். 'நாங்கள்' என்னும் சொல் துன்புற்றவன் தானாக மொழியும்போது கிருபையாகிறது. அதே சொல்லைத் துன்புறுத்தியவன் துன்புற்றவன்மேல் சுமத்தும்போது அது மறைப்பாகிறது. யார் வாய்ச்சொல் அது என்று கேளாத ஒப்புரவு இறையியல் முழுமையுடையதாகாது.

5. மன்னிப்பும் நீதியும்

மன்னித்தல், மனந்திரும்புதல், உண்மை, நீதி ஆகிய நான்கும் பின்னிப் பிணைந்ததே ஒப்புரவு என ஆசிரியர்கள் வகுத்துக்காட்டுவது பெரிதும் பயனுள்ளது. ஆனால், நடைமுறையில் முதலாவது மற்ற மூன்றையும் விழுங்கிவிடும் இடர் உண்டு. 1987 நவம்பர் 8இல் எனிஸ்கில்லன் என்னும் ஊரில், போரில் மாண்டாரை நினைவுகூரக் கூடியோரிடையே குண்டு வெடித்து 11 பேர் இறந்தனர். இடிபாடுகளின்கீழ் தன் மகளின் கையைப் பற்றியவாறு கிடந்து, அவளை இழந்த மெதடிஸ்ட் விசுவாசியான கார்டன் வில்சன், கொன்றவர்கள்மீது தமக்குப் பகை இல்லை என்றும் அவர்களுக்காக ஜெபிப்பதாகவும் கூறினார். அச்சொல் உலகெங்கும் ஒலித்தது. கிறிஸ்தவ சாட்சியாக அதற்கு ஈடு அரிது.

ஆயினும் ஒருவர் அளித்த கொடையை மற்றெல்லாருக்கும் சட்டமாக்குதல் தகாது. பிரெஸ்பிட்டேரியன் சபையினர் 120 பேரின் அனுபவங்களைக் கேட்டறிந்து, கிளாடிஸ் கேனியல், ஜேமி யோஹானிஸ் ஆகியோர் 2019இல் வெளியிட்ட நூலில் இது தெளிவாகத் தெரிகிறது. மன்னித்தேன் என்பாரும், மன்னிக்க இயலவில்லை என்பாரும், கேட்பார் யாருமின்றி எவரை மன்னிப்பது என்பாரும் அதிலுண்டு. அந்நூல் லீக்ட்டி, கிளெக் ஆகியோரின் கோட்பாட்டு நூலுக்கு ஏற்ற துணை நூல். இரண்டையும் சேர்த்து வாசிக்குமாறு மாணவர்களுக்குக் கூறுகிறேன். 2023இல் பிரித்தானியப் பாராளுமன்றம், கடந்தகாலக் கொலைகளில் தொடர்புடையோர்க்கு நிபந்தனையுடன் கூடிய விலக்களிக்கும் சட்டமொன்றை இயற்றியபோது, அதன் பெயரிலேயே 'ஒப்புரவு' என்னும் சொல் இடம்பெற்றது. அங்குள்ள பெருங்கட்சிகள் அனைத்தும், தமக்குள் வேறெதிலும் ஒன்றுபடாதவை, அதனை எதிர்த்தன. 2024 பிப்ரவரியில் பெல்ஃபாஸ்ட் உயர்நீதிமன்றம் அவ்விலக்கு மனித உரிமைகளுக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. உண்மையும் நீதியும் நீங்கிய ஒப்புரவு எவர் கைக்கருவியாகும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

6. காலத்தின் தீர்ப்பு

கால் நூற்றாண்டின் முடிவில் காண்பது கலவையான காட்சி. ஆயுதங்கள் பெரும்பாலும் ஓய்ந்தன. 2005இல் குடியரசுப் படையின் ஆயுதங்கள் அழிக்கப்பட்டதற்குச் சாட்சிகளாக நின்ற திருப்பணியாளர் இருவர்: கத்தோலிக்கக் குரு அலெக் ரீட், மெதடிஸ்ட் போதகர் ஹெரால்ட் குட். எரிந்த பம்பாய்த் தெருவின் அருகிலுள்ள குளோனார்ட் மடத்திலேதான் ரீட் பல்லாண்டு பணிசெய்தார். அம்மடத்தாரும் ஃபிட்ஸ்ராய் பிரெஸ்பிட்டேரியன் சபையாரும் 1981 முதல் ஒருங்கே திருமறை பயின்று நட்பு வளர்த்தனர். ரே டேவி என்னும் பிரெஸ்பிட்டேரியன் போதகர் 1965இல், கலகம் தொடங்குமுன்னரே, நிறுவிய கொரிமீலா சமூகம் இருசாராரையும் ஒரே பந்தியில் அமர்த்திற்று. 1974 டிசம்பரில் ஃபீக்கிள் என்னும் சிற்றூரில் புரொட்டஸ்டண்டுத் திருப்பணியாளர் சிலர் பழிக்கஞ்சாது ஆயுதக் குழுவின் தலைவர்களைச் சந்தித்தனர். இவற்றையெல்லாம் நோக்கும்போது, திருச்சபை முற்றிலும் தோற்றது என்று கூறுவது நேர்மையாகாது.

ஆனால் சுவர்கள் நிற்கின்றன. 2023க்குள் அவற்றை அகற்றுவதென அரசு 2013இல் வகுத்த இலக்கு நிறைவேறவில்லை. இருசாராரின் பிள்ளைகளும் ஒருங்கே கற்கும் ஒருங்கிணைந்த பள்ளிகள் 1981இல் 28 மாணவரோடு தொடங்கின. இன்றும் பத்து மாணவரில் ஒருவர்கூட அவற்றில் பயிலவில்லை. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கத்தோலிக்கப் பின்னணியினர் 45.7 விழுக்காடு, புரொட்டஸ்டண்டு முதலிய ஏனைய கிறிஸ்தவப் பின்னணியினர் 43.5 விழுக்காடு. எண்ணிக்கையில் முந்தியவரும் பிந்தியவரும் இடம் மாறிவிட்டனர். இனி இவர்கள் அவர்களை எவ்வாறு நடத்துவர் என்பதே அடுத்த தலைமுறையின் சோதனை. வன்முறையின் முடிவு வேறு, வகுப்புவாதத்தின் முடிவு வேறு என்னும் நூலாசிரியர்களின் அடிப்படைக் கணிப்பு இதனால் உறுதிப்படுகிறது. சுவர் உள்ளத்தில் மட்டுமன்று, நிலத்திலும் பள்ளியிலும் நிற்கிறது என்னும் என் குறையும் உறுதிப்படுகிறது.

பெல்ஃபாஸ்ட் மாநகரக் கல்லறைத் தோட்டம் 1869இல் திறக்கப்பட்டது. அதிலே கத்தோலிக்கரையும் புரொட்டஸ்டண்டுகளையும் பிரிக்கும் ஒரு சுவர் உண்டு. அச்சுவர் வெளியே தெரியாது. மண்ணுக்குள் பல அடி ஆழம் இறங்கி, இறந்தோரைப் பிரித்து நிற்கிறது. அச்செய்தியை வகுப்பில் கூறியபோது சில மாணவர் நகைத்தனர். சிலர் தலை குனிந்தனர். குனிந்தவர்கள் எந்த ஊர்க் கல்லறைத் தோட்டங்களை நினைத்தனர் என்று நான் கேட்கவில்லை.

இந்நூலை நம் திருப்பணியாளர் கற்க வேண்டும் என்பதே என் முடிபு. அயர்லாந்தைப் பற்றி அறிந்துகொள்வதற்காக மட்டும் கற்றால் பயன் சிறிது. தம் பிரசங்கக் குறிப்புகளை ஒருபுறமும் இந்நூலை மறுபுறமும் வைத்து, 'இப்போதனை மெய்தான். இதை என் வாயிலிருந்து கேட்கும் கடைசி வரிசை மனிதனுக்கு இது என்ன செய்கிறது?' என்று கேட்டுக் கற்க வேண்டும். நான் அன்று ஆலய வாசலில் கேட்ட மறுமொழிக்கு இத்தனை ஆண்டுகள் கழித்தே விடை எழுதுகிறேன். அம்மனிதர் இன்று உயிரோடு இல்லை. அவரும் சுவருக்கு அப்புறமே அடக்கம் செய்யப்பட்டார் என்று அறிகிறேன்.